எந்தச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டலாம்?



சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளை ஆய்வு செய்துகொண்டிருந்தோம். பொது நல நிதியின் செலவுப் பட்டியலில், "வாசகசாலைக்குச் சஞ்சிகைச் சந்தா, மூன்று ஆண்டுகளுக்கு" என்றொரு பற்று இருந்தது. ரசீது ஒழுங்காகக் கோக்கப்பட்டிருந்தது. தீர்மான எண்ணும் சரியாகவே இருந்தது. வாசகசாலைக்குச் சென்று அவ்விதழ்களைக் காட்டுமாறு கேட்டோம். ஏழு இதழ்களே இருந்தன. எட்டாம் மாதத்தோடு அச்சஞ்சிகை நின்றுபோயிற்றாம். எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. இருந்த ஏழிலும் நான்கு இதழ்கள், வந்த உறையை விட்டு வெளியே எடுக்கப்படவே இல்லை.

அவ்வாண்டுப் பொதுமகாசபையில் முதிய நெசவாளர் ஒருவர் எழுந்தார். "ஐயா, என் தறியில் ஒரு பாவு கெட்டுப்போனால் என் கூலியில் பிடிக்கிறீர்கள். இந்தப் பணம் கெட்டுப்போனதற்கு யார் கூலியில் பிடிப்பீர்கள்?" என்று கேட்டார். காரியதரிசி விடை கூறவில்லை. உண்மையைச் சொல்வதானால், நம்மிடமும் விடை இல்லை. கணக்குச் சரியாக இருந்தது. காரியந்தான் சரியாக இல்லை. அந்த முதியவரின் வினாவே இப்பாடத்திற்குக் காரணம்.

கூட்டுறவும் வாசிப்பும்

"வீண் செலவு, சஞ்சிகையே வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடலாமா? ஆகாது. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் டோடு லேன் தெருவில் சிறு கடை திறந்த முன்னோடிகள் 28 பேருள் நெசவாளரும் பிற தொழிலாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கத் தொடங்கிய அவர்கள், விரைவிலேயே அங்கத்தினருக்கென ஒரு செய்தி அறையும் நூலகமும் அமைத்தார்கள். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கும் விதியையும் பின்னர் ஏற்படுத்தினார்கள். சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995இல் வெளியிட்ட ஏழு கோட்பாடுகளுள் ஐந்தாவது, கல்வி, பயிற்சி, தகவல் என்பதே. ஆகவே வாசகசாலைக்குச் செலவிடுவது குற்றமன்று; ஆராயாமல் செலவிடுவதே குற்றம்.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது ஓய்வுநேரக் கலைகளைப் பற்றிய சஞ்சிகைகளை மட்டுமே. தோட்டம் போடுதல், தேனீ வளர்த்தல், நூலுக்குச் சாயமேற்றுதல், புகைப்படம் எடுத்தல், தபால்தலை சேர்த்தல், வானொலிக் கருவி கூட்டுதல் முதலியவை இவற்றுள் அடங்கும். செய்தித்தாளைப் பிறர் படிக்கக் கேட்டாலும் போதும். ஓய்வுநேரக் கலைச் சஞ்சிகையோ, படித்தவன் கையால் செய்து பார்த்தாலன்றிப் பயன் தராது. அதனால்தான் இதனைத் தேர்ந்தெடுப்பதில் தனிக் கவனம் வேண்டும்.

முதற் சோதனை: ஓர் இதழைக் கண்டு மயங்கற்க

பெரும்பாலோர் ஆண்டு மலரையோ சிறப்பிதழையோ பார்த்துவிட்டுச் சந்தா கட்டுகிறார்கள். கல்யாண வீட்டுச் சமையலைக் கண்டு அவ்வீட்டின் அன்றாடச் சாப்பாட்டை மதிப்பிடுவது போன்றது இது. தொடர்ச்சியாக மூன்று சாதாரண இதழ்களை இரவல் பெற்றுப் பாருங்கள். பின்னர், அதே மாதத்திற்குரிய சென்ற ஆண்டு இதழையும் அருகில் வைத்துப் பாருங்கள். தோட்டக்கலைச் சஞ்சிகைகளில் பருவத்திற்கேற்ப அதே பொருள் மீண்டும் வருதல் இயல்பே. புதிதாகத் தோட்டம் போடுவோருக்கு அது குறையன்று. ஆனால் இரண்டு ஆண்டுகள் படித்துத் தேர்ந்தவருக்கு மூன்றாம் ஆண்டுச் சந்தா வீண். அவர் பழைய இதழ்களைக் கோத்து வைத்துக்கொண்டாலே போதும்.

பழைய இதழ்களுக்கு எங்கே போவது? முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்திற்குச் செல்லுங்கள். 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் நம் நாட்டில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டமாகும். வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். நூலகத்தில் மாதந்தோறும் வரும் சஞ்சிகைக்குச் சங்கமும் சந்தா கட்டுவது ஒரே பொருளுக்கு இருமுறை விலை கொடுப்பதேயாகும். சென்னைக்குச் செல்வோர் கன்னிமாரா நூலகத்தில் பழைய தொகுதிகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் சோதனை: அளவு கூறுகிறதா?

ஏதேனும் ஒரு செய்முறைக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கைச் சாயம் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். "படிகாரம் சிறிது சேர்த்துக் கொதிக்க வைக்கவும்" என்று எழுதியிருந்தால், அதை எழுதியவர் கொப்பரை அருகே நின்றவரல்லர். செய்து பார்த்தவர், நூலின் எடையில் படிகாரம் நூற்றுக்கு எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை மடங்கு, சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று எழுதுவார். அதற்கும் மேலாக, எங்கே பிழை நேரும் என்பதையும் எழுதுவார். சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்தால் காரணம் என்ன, வெளுத்துப்போனால் காரணம் என்ன என்று சொல்லாத கட்டுரை அரைக் கட்டுரையே. சந்தா கட்டுமுன் ஒரே ஒரு செய்முறையைச் சிறு அளவில் செய்து பாருங்கள். ஒரு சிட்டம் நூல் போனாலும் ஓராண்டுச் சந்தா தப்பும்.

மூன்றாம் சோதனை: நம் மண்ணுக்கும் நம் கருவிக்கும் பொருந்துமா?

அயல்நாட்டுச் சஞ்சிகைகளில் சிறந்தவை பல உண்டு. அமெரிக்கத் தேனீ வளர்ப்போருக்கான 'அமெரிக்கன் பீ ஜர்னல்' 1861இல் தோன்றியது. ஆயினும் அத்தகைய இதழ்கள் பேசுவது இத்தாலியத் தேனீ முதலிய மேனாட்டு இனங்களைப் பற்றியும், அவற்றுக்குரிய லாங்ஸ்ட்ராத் பெட்டியைப் பற்றியுமே. நம் தென்னாட்டு அடுக்குத் தேனீ உருவில் சிறியது. அதற்கு ஏற்றது, திருச்சிராப்பள்ளிப் பக்கம் பணிபுரிந்த நியூட்டன் பாதிரியாரின் பெயரால் வழங்கும் சிறிய பெட்டி. பனிக்காலத்தில் பெட்டியைப் போர்த்திக் காக்கும் முறை நமக்கு எதற்கு? 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்த தாய் சாக்புரூடு நோயைப் பற்றி அறிந்தவர் எழுதும் ஒரு பக்கம், அப்பனிக்காலக் கட்டுரைகள் பத்தினும் மேலானது. மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் விசாரித்தால், சஞ்சிகை சொல்லாததையும் சொல்வார்கள்.

தோட்டக்கலையும் இப்படியே. உறைபனி நீங்கியபின் மே மாத இறுதியில் தக்காளி நாற்றை வெளியே நடுமாறு ஆங்கிலத் தோட்டக்காரருக்குச் சொல்வது சரி. நமக்கு மே மாதம் அக்கினி நட்சத்திரம். ஆடிப்பட்டம் அறியாத நாட்காட்டி நமக்கு வழிகாட்டாது. பயிர்த்தொழிலில் உள்ள அங்கத்தினர்கள், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தமிழில் வெளியிட்டு வந்துள்ள 'உழவரின் வளரும் வேளாண்மை' போன்ற இதழ்களை முதலில் பார்த்துவிட்டுப் பிறவற்றை நாடுதல் நலம்.

நெசவாளர்க்கு ஒரு தனிக் குறிப்பு

நமக்குப் பிழைப்பாக உள்ள கைத்தறி, அமெரிக்காவில் பலருக்கு ஓய்வுநேரக் கலையாக உள்ளது. அவர்களுக்கென 1979இல் தொடங்கப்பட்டது 'ஹேண்ட்வோவன்' என்னும் சஞ்சிகை. நெய்யத் தெரிந்தவருக்கு நெசவுச் சஞ்சிகை எதற்கு என்று நினைக்க வேண்டா. விழுதுகளில் இழை கோக்கும் முறையும் மிதிப்பு முறையும் கட்டம் போட்டுக் காட்டப்பட்டிருக்கும். மொழி தெரியாவிடினும் கட்டம் புரியும். எந்த வண்ணத்தை எந்த வண்ணத்தோடு அவர்கள் விரும்பிச் சேர்க்கிறார்கள் என்பதும் தெரியும். துண்டும் விரிப்பும் வெளிநாட்டுக்கு அனுப்பும் சங்கத்திற்கு அது சிறு உதவியன்று.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அவர்கள் 10/2 என்று எழுதுவது, நம் வழக்கில் 2/10 என்னும் இரட்டை முறுக்கு நூல். ஒரு சிட்டம் 840 கெஜம். எனவே ஒற்றை இழைப் பத்தாம் எண் நூல் ராத்தலுக்கு 8,400 கெஜம். இரட்டை முறுக்கில் 4,200 கெஜம். இந்நூலுக்குச் சாதா நெசவில் அங்குலத்திற்கு 24 பாவிழை என்பது அவர்களிடையே பரவலான அளவு. நம்மிடம் இருப்பது 2/40 என்றால், எண் நான்கு மடங்கு. இழையின் தடிமன் பாதி. ஆகவே அதே நெருக்கம் வேண்டுமானால் அங்குலத்திற்கு 48 இழை வேண்டும். இக்கணக்கைப் போடாமல் படத்தைப் பார்த்துப் பாவு ஓட்டினால் துணி வலைபோல் வரும். கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் சங்கத்தில் இருந்தால் மட்டுமே அயல்நாட்டு நெசவுச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டுங்கள்.

நான்காம் சோதனை: விளம்பரமும் கட்டுரையும்

விளம்பரம் இருப்பது குற்றமன்று. விதையும் கருவியும் எங்கே கிடைக்கும் என்பதை அறிய அதுவும் உதவுகிறது. ஆனால் ஒரு பக்கத்தில் ஓர் உரத்தை வானளாவப் புகழும் கட்டுரையும், எதிர்ப் பக்கத்தில் அதே உரத்தின் விளம்பரமும் இருந்தால் ஐயப்படுங்கள். ஒரு பொருளைக் குறை கூறியும் எழுதுகிற சஞ்சிகையே, அது புகழும்போது நம்பத்தக்கது. ஆசிரியர், வெளியிடுபவர், அச்சகம், முகவரி ஆகியவை தெளிவாக அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். வாசகர் கேள்விகளுக்கு விடை தரும் பகுதி இருந்தால் அதனை முதலில் படியுங்கள். அங்கேதான் ஆசிரியரின் உண்மையான அறிவு வெளிப்படும்.

பணக் கணக்கு

தனி இதழ் 30 ரூபாய், ஆண்டுச் சந்தா 330 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு இதழுக்கு 360 ரூபாயாகும். 30 ரூபாய் மிச்சம் என்று மகிழ்கிறோம். ஆனால் ஆண்டில் நமக்குப் பயன்படுபவை மூன்று இதழ்களே என்றால், அம்மூன்றையும் கடையில் 90 ரூபாய்க்கு வாங்கியிருக்கலாம். இக்கணக்கில் பதினொன்றுக்கு மேற்பட்ட இதழ்கள் பயன்பட்டாலன்றிச் சந்தாவில் லாபமில்லை. சந்தாத் தொகையைத் தனி இதழின் விலையால் வகுத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று முன்பணம் கட்டினால் பை தருகிறோம், கடிகாரம் தருகிறோம் என்பார்கள். நாம் முதலிற் கூறிய சங்கம் அவ்வாறே ஏமாந்தது. நெடுநாள் நடந்த சஞ்சிகைக்கும் முடிவு வருவதுண்டு. 1884இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'அமெச்சூர் கார்டனிங்' 139 ஆண்டுகள் நடந்து 2023இல் நின்றது. 1937இல் அமெரிக்காவில் தொடங்கிய 'பாப்புலர் போட்டோகிராபி' 2017இல் அச்சு இதழை நிறுத்தியது. அவற்றுக்கே அந்நிலை என்றால், நேற்றுத் தொடங்கிய சஞ்சிகைக்கு மூன்றாண்டுப் பணத்தை ஒப்படைக்கலாமா? முதன்முறை ஓராண்டு, பிறகு ஆண்டுதோறும் புதுப்பித்தல். இதுவே பொதுப் பணத்திற்கு உகந்த முறை.

சேர்ந்து வாங்குதல்

தனியொருவருக்கு 330 ரூபாய் பாரம். ஐந்து குடும்பங்கள் கூடினால் குடும்பத்திற்கு 66 ரூபாய். ஒவ்வொருவரும் ஐந்து நாள் வைத்திருந்து அடுத்தவரிடம் கொடுத்தால் ஒரே மாதத்தில் ஐந்து வீடும் படித்துவிடும். இதழின் அட்டையில் ஒரு சீட்டு ஒட்டி, பெற்ற நாளும் கொடுத்த நாளும் குறியுங்கள். சங்கம் வாங்கும் இதழுக்கும் இச்சீட்டு வேண்டும். ஆண்டிறுதியில் சீட்டைப் பார்த்தால் எத்தனை பேர் படித்தார்கள் என்பது விளங்கும். பெயரே எழுதப்படாத சீட்டு, சந்தாவைப் புதுப்பிக்க வேண்டாம் என்று தானே தீர்மானம் எழுதிவிடுகிறது.

மேலே கூறிய சங்கத்தில் இப்பொழுது இம்முறையே நடைபெறுகிறது. எந்தச் சஞ்சிகை வேண்டும் என்பதை மூன்று அங்கத்தினர் கொண்ட சிறு குழு ஆராய்கிறது. அம்மூவரில் ஒருவர், அன்று பொதுமகாசபையில் வினா எழுப்பிய அதே முதியவர். அவருக்குப் படிக்க வராது. பேத்தி படித்துக் காட்டுகிறாள். சென்ற முறை நாம் சென்றபோது ஒரு சஞ்சிகையை நம்மிடம் நீட்டி, "இதிலே அளவு சொல்லவில்லை, ஐயா. இது வேண்டாம் என்று எழுதிவிட்டோம்" என்றார். பற்றுவரவுப் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பது நம் வேலை. பிழை நேருமுன் தடுப்பது அங்கத்தினர் வேலை. அவர் தம் வேலையைச் செய்துவிட்டார்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்கம் இப்பொழுது எத்தனை சஞ்சிகைகளுக்குச் சந்தா கட்டுகிறது? அவற்றுள் எவை கிளை நூலகத்திலும் கிடைக்கின்றன?

2. சென்ற ஆண்டு படித்த செய்முறைகளுள் எதனை யார் செய்து பார்த்தார்? பலன் என்ன?

3. தனி இதழ் 25 ரூபாய், ஆண்டுச் சந்தா 250 ரூபாய் எனில், எத்தனை இதழ்களுக்கு மேல் பயன்பட்டால் சந்தா லாபமாகும்?

4. 2/10 நூலுக்கு அங்குலத்திற்கு 24 இழை எனில், 2/90 நூலுக்கு எத்தனை இழை வேண்டும்?