அம்மாவின் போனை அம்மாவே பார்க்கட்டும்

கம்பெனிகள் நம்மைப் பற்றி எல்லாவற்றையும் சேர்த்து வைக்கின்றன என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "வச்சுக்கட்டுமே, நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்பார்கள். இதற்கு மேல் வாதாடிப் பயனில்லை. அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் பட்டியலையே காட்டிவிடுங்கள்.

1. ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் காட்டுங்கள். கணவரை அருகில் வைத்துக்கொண்டு மனைவியின் பட்டியலைத் திறக்கக் கூடாது.

2. முதலில் உங்கள் போனில் உங்கள் பட்டியலைக் காட்டுங்கள். அப்போதுதான் அவர்களுக்குக் கூச்சம் போகும்.

3. இனி அவர்கள் போன். கூகுள் கணக்கின் செட்டிங்ஸில் 'டேட்டா அண்ட் பிரைவசி' பகுதிக்குப் போய் 'மை ஆக்டிவிட்டி'யைத் திறக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். போனைப் பிடுங்கி, வேகமாகத் தள்ளி, "பாத்தியா, பாத்தியா" என்பார்கள். அம்மாவுக்கு ஒன்றும் புரியாது, அவமானம்தான் மிஞ்சும். போன் அவர் கையிலேயே இருக்கட்டும். அவருக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு நாளைக் கேளுங்கள்: பேத்தியின் காதுகுத்து, குலதெய்வம் கோயிலுக்குப் போன நாள். தேதியை வைத்துத் தேடும் வசதி அந்தப் பக்கத்திலேயே உண்டு. பதிவு நிறுத்தப்படாமல் இருந்தால், அன்று தேடிய சொல், பார்த்த யூடியூப் வீடியோ, ஆண்ட்ராய்டு போன் என்றால் எந்த ஆப்பை எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது வரை வரிசையாக வரும். அவர் படிக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். நோய், கடன் பற்றிய தேடல் கண்ணில் பட்டால் பார்வையை விலக்கிக்கொள்ளுங்கள். பிறகும் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

4. "நான் கூகுளில் தேடியதைத்தானே கூகுள் வைத்திருக்கிறது" என்பவருக்கு ஃபேஸ்புக்கைக் காட்டுங்கள். செட்டிங்ஸில் 'ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜீஸ்' என்றொரு பக்கம் உண்டு. 2020 முதல் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஃபேஸ்புக்குக்கு வெளியே நாம் பயன்படுத்திய எந்தெந்த ஆப்களும் இணையதளங்களும் நம்மைப் பற்றி அங்கே தகவல் அனுப்பின என்ற பட்டியல் அதில் இருக்கும். பேசிப் புரியவைக்க முடியாததை இந்த ஒரு பக்கம் புரியவைக்கும்.

5. மொத்தத் தரவையும் இறக்கித் தரும் கூகுளின் 'டேக்அவுட்' இந்த வேலைக்கு ஆகாது. ஃபைல் வந்து சேர நாள் கணக்கில்கூட ஆகலாம். வந்தாலும் பெரியவர்களால் படிக்க முடியாது.

6. எழுந்திருக்கும் முன் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மை ஆக்டிவிட்டியில் 'ஆட்டோ டிலீட்' 3, 18, 36 மாதம் என்று இருக்கும். மூன்று மாதம் போதும். 2020 ஜூனுக்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் தேடல் பதிவு 18 மாதத்தில் தானாக அழியும்படி வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய கணக்கில் நாமே போட்டால்தான் உண்டு.

இதனால் விளம்பரம் நின்றுவிடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். யூடியூப் பட்டியல் இருக்கட்டும், பழைய பாட்டைத் தேட வசதி என்று அம்மா சொன்னால் விட்டுவிடுங்கள். தெரிந்துகொண்டு அவர் எடுக்கும் முடிவு அது.