ஊசி நாட்களும் வேலை நாட்களும்

நாமக்கல், ராசிபுரம் பக்கத்துத் தனியார் பள்ளிகளிலும் பள்ளிபாளையம் நூற்பாலைகளிலும் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைப்பேற்றுக்குச் சிகிச்சை எடுக்கும் பெண்களிடம் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: "வேலையை விட்டுரு." விடாதீர்கள். ஐவிஎஃப் கேட்பது மாதக்கணக்கான லீவை அல்ல, சில காலை வேளைகளை. சிகிச்சைச் செலவுக்கு உங்கள் சம்பளமும் வேண்டும்.

மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஊசி தொடங்கும். ஏறக்குறைய 10 முதல் 12 நாள் தினமும் ஊசி. இடையில் சில ஸ்கேன். காலையில் முதல் டோக்கனைக் கேட்டு வாங்கினால் சேலம் போய் ஸ்கேன் முடித்துவிட்டு முற்பகலுக்குள் வேலைக்குத் திரும்பலாம். முட்டை முதிர்ந்ததும் போடும் கடைசி ஊசிக்கு மட்டும் நிமிடக் கணக்கு உண்டு. அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுப்பார்கள். திங்கள் இரவு 10 மணிக்கு ஊசி என்றால் புதன் காலை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மயக்க மருந்து தருவதால் அன்று முழு லீவு, மறுநாளும் ஓய்வு. அதன்பின் வயிறு உப்பி மூச்சு வாங்கினால் "நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள். கரு வைத்த பிறகு படுத்தே கிடந்தால்தான் தங்கும் என்பதற்கு ஆதாரமில்லை. டாக்டர் தனியாக எதுவும் சொல்லாதவரை வழக்கமான வேலைக்குப் போகலாம்.

ஆசிரியைகளுக்கு ஒரு வசதி உண்டு. கருவை உறைய வைக்கலாம் என்பதால், முட்டை எடுப்பதைக் காலாண்டு விடுமுறையிலும் கரு வைப்பதை அரையாண்டு விடுமுறையிலும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். மாதவிலக்கை மாத்திரையால் சில நாள் முன்பின் நகர்த்த டாக்டரால் முடியும். ஆனால் வயது 35-ஐத் தாண்டிவிட்டால் விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மேலதிகாரியிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, தேதியைச் சொன்னால் போதும். "மேடம், எனக்கு ஒரு சிகிச்சை நடக்குதுங்க. இந்த ரெண்டு வாரத்துல நாலஞ்சு நாள் பதினொரு மணிக்குத்தான் வர முடியும். மொத பீரியடை மத்தியானம் மாத்தி எடுத்துக்கறேனுங்க." மாற்று ஏற்பாட்டையும் கையோடு கொண்டுபோனால் மறுப்பது கடினம். ஸ்டாஃப் ரூமில் "ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்பவர்களுக்கு நீங்கள் கணக்கு ஒப்பிக்க வேண்டாம். திருச்செங்கோட்டைக் களமாக்கி 2010-இல் பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' நாவல் காட்டும், குழந்தையில்லாதவர்களைக் குத்தும் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அது பெரும்பாலும் பெண் தலையில்தான் விழுகிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம். குறை ஆண் பக்கம் இருப்பதும் சகஜம். விந்துப் பரிசோதனையை முதலிலேயே முடியுங்கள்.

இந்த ஊர்க் கணவர்களுக்கும் வேலைத் திட்டம் வேண்டும். நாமக்கல் லாரி டிரைவரும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரரும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருப்பார்கள். முட்டை எடுக்கும் நாளில் அவர் நாக்பூரில் நின்றால் என்ன செய்வது? முன்கூட்டியே விந்தைக் கொடுத்து உறைய வைத்துவிடலாம். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும்; அதனால் புகையையும் மதுவையும் மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும். என்ஜின் சூட்டில் நாள் முழுக்க உட்காருவதும் விந்தணுவுக்கு ஆகாது; முடிந்தால் அந்த மூன்று மாதம் லோக்கல் டிரிப் கேளுங்கள்.

சென்டருக்குப் பணம் கட்டுமுன் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அது பதிவானதா என்று பாருங்கள். 2022-இல் பக்கத்து ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் கருமுட்டை எடுத்து விற்ற வழக்கு வந்த வட்டாரம் இது.

ஐவிஎஃப் சிகிச்சைக்கென்று தனி லீவு தொழிலாளர் சட்டத்தில் இல்லை. கைவசமுள்ள தற்செயல் விடுப்பையும் மருத்துவ விடுப்பையும் ஊசி நாட்களுக்குச் சேர்த்து வையுங்கள். ஆனால் கரு தங்கிக் கலைந்துபோனால் உரிமை உண்டு. ஆலைகளிலும், பத்துப் பேராவது வேலை செய்யும் கடை, நிறுவனங்களிலும் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஈஎஸ்ஐ இருந்தால் பணம் அங்கிருந்து வரும். வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து மூன்றாம் நாளே மிஷினுக்குத் திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி, விண்ணப்பத்தோடு நேராக அலுவலகத்தில் கொடுங்கள். சூப்பர்வைசர் கையில் கொடுக்க வேண்டாம்.