சமவுயரக் கோடுகளிலிருந்து மாதிரியுரு அமைத்தல்

மாணவர்களே, இடவிளக்கப் படத்தில் சமவுயரக் கோடுகளை வாசிக்கப் பழகிவிட்டீர்கள். அதே கோடுகளின் வழியே மட்டையை வெட்டி அடுக்கினால் நிலத்தின் மாதிரியுரு கிடைக்கும். கட்டடக் கலைஞர்கள் தாம் கட்டடம் அமைக்கவிருக்கும் நிலத்தை இவ்வாறே செய்து பார்ப்பர். முன்னர் கத்தியால் வெட்டினர்; இன்று கணினியில் ஆயத்தம் செய்த கோடுகளை லேசர் இயந்திரம் வெட்டுகிறது. சிகிரியாக் குன்றை உதாரணமாகக் கொள்வோம்.

முதலில் அளவுத்திட்டம். 2 கிலோமீற்றர் பக்கமுள்ள சதுர நிலத்தை 1:5,000 இல் அமைத்தால் மாதிரியுருவின் பக்கம் 40 சென்ரிமீற்றர். மட்டையின் தடிப்பு 3 மில்லிமீற்றர் எனின், ஒரு படை குறிக்கும் உயரம் 3 × 5,000 = 15,000 மில்லிமீற்றர், அதாவது 15 மீற்றர். 1:50,000 படத்திலுள்ள 20 மீற்றர் இடைவெளியை அப்படியே எடுத்து இம்மட்டையில் வெட்டினால் குன்று காற்பங்கு குட்டையாகிவிடும். கணினியில் இடைவெளியை நாமே தெரிவு செய்யலாம். 15 மீற்றர் எனக் கொடுக்குக. குன்று சூழவுள்ள நிலத்திலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயர்கிறது. எனவே 180 ÷ 15 = 12 படைகள். அடித்தட்டு வேறு.

2000 பெப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் ராடர் மூலம் அளந்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அது பாகையில் இருப்பதால், மீற்றரை அலகாகக் கொண்ட ஆள்கூற்று முறைக்கு முதலில் மாற்ற வேண்டும். அதன் ஒரு கலம் ஏறத்தாழ 30 மீற்றர். நமது மாதிரியுருவில் அது 6 மில்லிமீற்றர். சிகிரியாவின் செங்குத்துப் பாறைச் சுவரோ ஓரிரு கலங்களுக்குள் அடங்கிவிடும். விளைவு, பாறை உருண்ட மேடாகத் தோன்றும்! மேலும் அடர்ந்த காட்டில் மரங்களின் உயரமும் நிலத்தின் உயரத்துடன் சேர்ந்துவிடும். ஆகவே நில அளவைத் திணைக்களப் படத்துடன் ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே வெட்டுக.

இனிக் கோடுகளைச் சீராக்குவோம். படத்தின் விளிம்பில் முடியும் சமவுயரக் கோடு திறந்தே இருக்கும். அதை விளிம்பு வழியே இணைத்து மூடாவிட்டால் மட்டைத் துண்டு கழன்று வராது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு கோடுகள் கிடந்தால் இயந்திரம் அதே இடத்தை இருமுறை வெட்டி, ஓரத்தைக் கருக்கிவிடும். ஒவ்வொரு படையிலும் மேற்படையின் எல்லையை மெல்லிய கீறலாகப் பதித்தால் ஒட்டும்போது இடம் தெரியும். வெட்டும் கோட்டுக்கும் கீறும் கோட்டுக்கும் வேறு நிறம் கொடுக்குக. பாறைச் சுவரில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அங்கு கீறலை நீக்கிவிடலாம். படைகளுக்கு இலக்கமிட மறக்க வேண்டாம். பன்னிரண்டு துண்டுகள் கலந்துவிட்டால் பெரும் தலையிடி!

எச்சரிக்கை: பீ.வீ.சீ. தகட்டை லேசரில் வெட்டவே கூடாது. ஐதரசன் குளோரைட்டு வாயு வெளிவரும். அது சுவாசத்தைப் பாதிப்பதுடன் இயந்திரத்தையும் அரிக்கும்.

பயிற்சி வினா: 1:50,000 படத்தை அதே அளவில் வெட்டி, 20 மீற்றருக்கு 2 மில்லிமீற்றர் மட்டை பயன்படுத்தினால் நிலைக்குத்து மிகைப்படுத்தல் யாது?

விடை: 20 மீற்றர் = 20,000 மில்லிமீற்றர். நிலைக்குத்து அளவுத்திட்டம் 2:20,000, அதாவது 1:10,000. 50,000 ÷ 10,000 = 5 மடங்கு.