கல்லாப்பெட்டியும் கணக்கேடும்

மைசூருவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மண்டியா மாவட்டத்தில், மலைமீது அமைந்த ஊர் மேல்கோட்டை. திருநாராயணபுரம் என்பது அதன் மற்றொரு பெயர். இராமானுசரோடு தொடர்புடைய இவ்வூரில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்கின்றன. செலுவநாராயணர் கோயிலுக்கு வருவோர் இவ்வூரின் புளியோதரையையும் சர்க்கரைப் பொங்கலையும் விரும்பி உண்பர். தமிழர் புளியோதரை என்பதைக் கன்னடர் புளியோகரெ என்பர்.

இத்தகைய ஊரில் ஒரு சிற்றுண்டிச்சாலை இருப்பதாகக் கொள்வோம். ஒரு நாளில் 300 தட்டுப் புளியோதரை, தட்டு 40 ரூபாய்க்கு விற்கிறது. வரி நீங்கலாக விற்பனை 12,000 ரூபாய். கூலி, எரிவாயு, வாடகைக்காக 4,900 ரூபாயை உரிமையாளர் அன்றே கொடுத்துவிடுகிறார். கல்லாப்பெட்டியில் 7,100 ரூபாய் எஞ்சுகிறது. அதனை அவர் ஆதாயம் என்று எண்ணி மகிழ்கிறார். ஆனால், அரிசி, புளி, எண்ணெய் முதலியவற்றைக் கடைத்தெருவில் 5,200 ரூபாய்க்குக் கடனாக வாங்கியிருக்கிறார். எனவே உண்மையான ஆதாயம் 1,900 ரூபாய் மட்டுமே. வீட்டுச் செலவுக்கு 3,000 ரூபாய் எடுத்தால், அதில் 1,100 ரூபாய் மளிகை வணிகருக்குச் சேரவேண்டிய பணம். நாள்தோறும் இவ்வாறு நிகழ்ந்தால், கூட்டம் நிறைந்த கடையும் ஒரு நாள் மூடப்படும்.

இத்தவற்றைத் தடுப்பதே இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு நடவடிக்கையும் இரண்டு இடங்களில் எழுதப்படும். கடனுக்கு அரிசி வாங்கினால், கொள்முதல் கணக்கில் பற்று. வணிகர் கணக்கில் வரவு. இருபுறமும் சமமாக இருத்தல் வேண்டும். வெனிசு நகர வணிகர் கையாண்ட இம்முறையை 1494ஆம் ஆண்டில் லூக்கா பச்சோலி என்னும் இத்தாலியக் கணித அறிஞர் நூலில் விளக்கினார்.

இன்று இப்பணியைக் கணினி மென்பொருள் செய்கிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட டேலி நிறுவனம் 1986இல் தொடங்கப்பட்டது. தம் தந்தையின் தொழிலுக்குக் கணக்கு எழுதும் பொருட்டுப் பாரத் கோயங்கா உருவாக்கிய மென்பொருளே அதன் தொடக்கம்.

உணவகங்களுக்கான மென்பொருளில், பணியாளர் திரையில் உணவின் பெயரைத் தொட்டவுடன் பட்டியல் அச்சாகிறது. ரொக்கமாக வந்த பணமும் யுபிஐ வழியாக வந்த பணமும் தனித்தனியே பதிவாகின்றன. பட்டியலில் சேர்த்து வாங்கிய சரக்கு மற்றும் சேவை வரி வேறாக நிற்கிறது. அவ்வரி அரசுக்குரியது; கடையின் வருவாய் அன்று. மேலும், ஒரு தட்டுக்கு 100 கிராம் அரிசி என்று பதிந்திருந்தால், 300 தட்டுக்கு 30 கிலோ இருப்பிலிருந்து கழிக்கப்படுகிறது. மாலையில் நிறுத்துப் பார்க்கும்போது 34 கிலோ குறைந்திருந்தால், 4 கிலோ எங்கே போயிற்று என்று ஆராய வேண்டும்.

பங்குனி மாத வைரமுடித் திருவிழாவில் மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். சென்ற ஆண்டின் கணக்கு இருந்தால், இவ்வாண்டு எவ்வளவு அரிசி வாங்குவது என்பது விளங்கும். உணவு வீணாகாது; பசியோடு வந்தவர் வெறுங்கையுடன் திரும்பவும் மாட்டார்.

எனினும், பதியாத செலவை எந்த மென்பொருளும் அறியாது. எழுதுபவரின் நேர்மையே கணக்கின் உயிர். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்னும் பழமொழி ஓலைக்கணக்குக்கும் பொருந்தும். கணினிக் கணக்குக்கும் பொருந்தும்.

சொற்பொருள்
ஆதாயம் – இலாபம்
கொள்முதல் – விலைக்கு வாங்குதல்
இருப்பு – கையில் எஞ்சியுள்ள பொருள் அல்லது பணம்
ரொக்கம் – கைப்பணம்

பயிற்சி
1. கல்லாப்பெட்டியில் உள்ள பணம் முழுவதும் ஆதாயம் ஆகாது. ஏன்?
2. அதே கடையில் 250 தட்டுகள் மட்டும் விற்று, செலவும் கடனும் மாறாதிருந்தால், ஆதாயமா, இழப்பா? எவ்வளவு?
3. 'வரவு', 'செலவு' ஆகிய சொற்களைச் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.
4. உங்கள் வீட்டின் ஒரு வார மளிகைக் கணக்கைப் பெற்றோரிடம் கேட்டுத் தமிழில் எழுதி வருக.