தலைமாட்டில் கொசுவத்தி

கேள்வி: கதவைச் சாத்தி, கொசுவத்தி ஏற்றிவிட்டுத்தான் படுக்கிறேன். நடுச்சாமத்தில் தொண்டை கரகரத்து விழிப்பு வந்துவிடுகிறது. புகைதான் காரணமா?
– வாசகர், காஞ்சிரங்குளம்

பதில்: எனக்கும் அதன்மேல்தான் சந்தேகம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்துகள் வெளியாகும் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பீடி நாற்றமே ஆகாது என்கிற நாமும் இதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறோம்! கொசுவை அடக்குவது அதிலுள்ள துளி பைரித்ராய்டு. மூச்சுக்குழாயை உறுத்துவது பெரும்பாலும் மரத்தூள், சிரட்டைத்தூள் எரியும் புகை. கரண்டில் செருகும் திரவத்துக்கு மாறினால் புகை போகும், மருந்து போகாது. கொசுவலை கட்டி, ஜன்னலைத் திறந்து ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். கொசு பெருகாமலிருக்க, ரப்பர் மரத்துச் சிரட்டைகளில் தேங்கும் மழைநீரையும் கவிழ்த்துவிடுங்கள். அப்போதும் விழிப்பு வந்தால், நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.