பழந்துப்பாக்கியும் குடிவரலாறும்

பழம்பொருள்களை ஈட்டி வைத்தல் வேறு. அவற்றின் வாயிலாக வரலாறு கற்றல் வேறு. மேனாடுகளிற் பழைய போர்த்துப்பாக்கிகளைத் தொகுப்போர் பலர் உளர். அவருள் அறிவுடையோர் அதனை விலைகொடுத்து வாங்கிய அளவில் அமைவதில்லை. அதிற் பொறித்த முத்திரையையும் எண்ணையும் கொண்டு, அஃது எப்பட்டாளத்திற்குரியது, அதனை ஏந்தியவன் யாவன், அவன் வழித்தோன்றல்கள் அவனைப்பற்றி யாது கூறுகின்றனர் என்றெல்லாம் ஆராய்கின்றனர். குடிவரலாறு இழந்த துப்பாக்கி வெறும் இரும்பும் மரமுமே என்பது அவர் கொள்கை. இவ்வாராய்ச்சிக்குத் தென்காசியும் குற்றாலமும் சூழ்ந்த நம் நாட்டில் இடமுண்டோ என்பதை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

குற்றால மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டியும் அதற்கு அணித்தாயும் சொக்கம்பட்டி, வாசுதேவநல்லூர், நெற்கட்டுஞ்செவல், சிவகிரி, ஊற்றுமலை முதலிய பாளையத்து ஊர்கள் உள்ளன. பாளையப் படையினர் வாளும் நீண்ட ஈட்டியும் திரித்துப்பாக்கியும் ஏந்திப் பொருதனர். 1755-ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான் நெற்கட்டுஞ்செவலின்மேற் படையெடுத்து, மதிலை உடைக்கவல்ல பெரும்பீரங்கி இன்மையாற் பூலித்தேவரை வெல்லமாட்டாது திரும்பினார். 1759-ஆம் ஆண்டிறுதியில் யூசுப்கானுக்குப் பணியாத வாசுதேவநல்லூர்க் கோட்டை 1761-இல் வீழ்ந்தது. பின்னர், 1799-இற் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தவுடன் மேஜர் பானர்மன், கோட்டைகளை இடிக்குமாறும் படைக்கலங்களை ஒப்புவிக்குமாறும் பாளையக்காரர்க்குக் கட்டளையிட்டார். இரண்டாம் போரும் முடிந்தபின், சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் 1801 டிசம்பர் முதல் நாள் விடுத்த விளம்பரம் படைக்கலம் தாங்குதலையே விலக்கிற்று. எஞ்சியவற்றை 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமச் சீட்டிற்கு உட்படுத்திற்று.

இதன் பயனாக நம் நாட்டில் ஒரு புதுமை விளைந்தது. மேனாட்டார் கையிற் சான்று உளது. அதற்குரிய கதையைத் தேடுகின்றனர். நமக்கோ கதை நாவில் உளது. சான்று கைவிட்டுப் போயிற்று.

அக்கதைகள் எளியன அல்ல. பூலித்தேவரின் படைத்தலைவருள் ஒருவராகிய ஒண்டிவீரன், தென்மலையிற் பாசறையிட்டிருந்த பகைவரிடையே இரவிற் புகுந்து மறைந்திருந்தபோது, குதிரை கட்டும் முளை அவர் கையினூடே அறையப்பட்டதாம். அவர் வாய்திறவாது தம் கையைத் தாமே வெட்டிக்கொண்டு, பீரங்கிகளைப் பாசறையை நோக்கித் திருப்பிவைத்து மீண்டனராம். வெண்ணிக் காலாடி என்னும் வீரர் வயிற்றிற் பட்ட புண்ணைத் தலைப்பாகையால் இறுகக் கட்டிக்கொண்டு பொருதனர் என்பர். கும்பினியார் எழுதிவைத்த ஏடுகளில் அவர்தம் தளபதிகளின் பெயரே மலிந்துள்ளது; இவ்வீரரின் பெயரைக் காத்தவர் இவர் குலத்தாரும் நாட்டாருமே. ஒண்டிவீரனுக்கு 2022-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டதற்கும் அவர் நாவிற் காத்த நினைவே அடிப்படை. ஆதலின் செவிவழிச் செய்தியை இகழ்ந்து தள்ளலாகாது; ஆராயாது ஏற்றலும் ஆகாது.

ஆராயும் வகை யாது? முதற்கண் துப்பாக்கியின் விசையைக் காண்க. கனலும் திரியை மருந்தில் தாழ்த்தும் வளைகொக்கி இருப்பின் அது திரித்துப்பாக்கி. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் இடுக்கியும், கல் மோதும் எஃகுத் தகடும் இருப்பின் அது கல் துப்பாக்கி. கும்பினிப் பட்டாளத்தார் ஏந்தியது இவ்வகையே. அதன் விசைத்தகட்டில் இதயவடிவான வணிகக் குறி இருப்பின் ஏறக்குறைய 1808-க்கு முற்பட்டதென்றும், நிமிர்ந்து நிற்கும் சிங்கம் இருப்பின் அதற்குப் பிற்பட்டதென்றும் கொள்ளலாம். சுத்தியலால் அடிபட்டு வெடிக்கும் சிறு செப்புக் கேப்பைப் பொருத்தும் முனை இருப்பின் அது கேப்புத் துப்பாக்கி. அடிபட்டு வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1807-இல் உரிமை பெற்றவர் ஸ்காட்லாந்து தேசத்துக் குருவாகிய அலெக்சாண்டர் பார்சைத் என்பவர். எனினும் பட்டாளங்களிற் கேப்புத் துப்பாக்கி பரவியது ஏறக்குறைய 1840-க்குப் பின்னரே. பின்புறம் திறந்து தோட்டா இடுவது அதனினும் பிற்பட்டது.

இனி, ஒரு குடும்பத்தார் கேப்புத் துப்பாக்கியொன்றைக் காட்டி, 'இது பூலித்தேவர் போரில் எம் முன்னோர் ஏந்தியது' என்று கூறுவதாகக் கொள்வோம். அது பொருந்தாது, அப்போர் நிகழ்ந்த காலத்திற் கேப்பு இல்லை. ஆயினும் அம்முன்னோர் போரிற் புகவில்லை என்று முடிவுகட்டல் பிழையாகும். அவர் ஏந்திய படைக்கலம் பறிபோயிருத்தல் கூடும். பிற்காலத்து வேட்டைக்கோ ஊர்க்காவலுக்கோ வாங்கிய துப்பாக்கியில் முன்னைய கதை வந்து ஒட்டியிருத்தல் கூடும். துப்பாக்கியின் ஆண்டையும் கதையின் ஆண்டையும் தனித்தனியே நிறுத்தி எடைபோடுவதே நேரிய முறை. அங்ஙனம் எடைபோடுங்கால் முதியோர் மனம் நோவாவண்ணம் பேசுதல் வேண்டும். ஏனெனில் நாம் ஆராய்வது அவர்தம் குடிப்பெருமையை.

மாணவ நண்பர்களே, இத்தகைய பொருளைக் காணின் அதனை மணலாலும் உப்புத்தாளாலும் தேய்க்கற்க. தேய்த்தால் துருவோடு முத்திரையும் அழியும். குழலுள் பழைய மருந்தும் குண்டும் கிடத்தல் கூடும். காய்ந்த கரிமருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கும். ஆதலின் வல்லுநர் சோதிக்குமுன் விசையைத் தொடற்க. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தும் சுடவியலாத பழங்கருவிக்கு விலக்கு அளிக்கின்றது. சுடத்தக்கதாயின் உரிமம் பற்றிய விதியை உரிய அதிகாரிகளிடம் கேட்டறிதல் வேண்டும். நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் அயல்நாட்டிற்கு விற்றனுப்புதலை 1972-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கின்றது. ஒப்புநோக்க விரும்புவோர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களையும், செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திற் கும்பினிக் காலத்து ஆயுதங்களையும் காண்பாராக.

துப்பாக்கி கிடைக்காத வீட்டிலும் நமக்குப் பணி உண்டு. பாட்டனார் பெயர், அவர் கேட்டறிந்தது யாரிடம், எவ்வூரில், எந்நாளில் என்பவற்றைச் சொன்னவர் சொற்படியே எழுதி, நாளிட்டு வைத்தல் வேண்டும். இரும்பு துருவேறி முற்றும் அழிய நெடுங்காலம் செல்லும். முதியோர் ஒருவர் மறைந்தால் ஒரு குடியின் வரலாறு ஒரே நாளில் மறையும். விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடமேனும் கேட்டு எழுதி வருவோமாக.