பாதிப் பாக்கெட்டுக்குப் பிறகு

இருக்கன்குடி

அன்புள்ள மருமகளே,

நீ அனுப்பியதைப் படித்தேன். பகலெல்லாம் பட்டினி, ராத்திரி விடுதியில் சாத்தூர் காராச்சேவு பாதிப் பாக்கெட் போனதும், "நானெல்லாம் ஒரு ஜென்மமா" என்று உன்னையே ஏசிவிட்டு மீதியையும் தின்று தீர்த்திருக்கிறாய். காராச்சேவை விடு தாயி, அது பாவம். எனக்கு உறுத்துவது அந்த ஏச்சு. முதல் பாதியைத் தின்றது பசி. மீதியைத் தின்னவைத்தது ஏச்சு.

இந்த ஏச்சுக்கு நேரெதிரான தன்மேல் பரிவு என்பதை 2003-இல் ஆய்வுப் பொருளாக்கியவர் கிறிஸ்டின் நெஃப். அதைச் சாப்பாட்டில் சோதித்தவர்கள் அமெரிக்காவின் கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும். ஆய்வு வெளியானது 2007-இல். கல்லூரிப் பெண்களுக்கு முதலில் டோநட் தின்னக் கொடுத்தார்கள். சிலரிடம் மட்டும், எல்லாரும்தான் இப்படிச் சாப்பிடுகிறோம், உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள் என்கிற மாதிரிப் பேசினார்கள். அப்புறம் மிட்டாய்களை வைத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். உன்னைப் போல வாயைக் கட்டியே வாழ்கிற பெண்களில், அந்த ஆறுதலைக் கேட்டவர்கள் குறைவாகத் தின்றார்கள்; கேட்காதவர்களுக்குத்தான் கை நிற்கவில்லை. செல்லம் கொடுத்தால் கெட்டுப்போகும் என்று நம் வீட்டில் சொல்வதற்கு நேர்மாறு! ஒரே ஒரு சோதனைதான், வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு விரதமிருந்து மாரியம்மனைப் பார்க்க நடந்து வருகிறவர்களைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறாய். வைப்பாற்றங்கரையில் ஒருத்தி கிறங்கி உட்கார்ந்தால் நிழலில் சாய்த்து மோர் கொடுப்பார்கள். "நடக்க மாட்டாதவள் ஏன் வந்தாய்" என்று கேட்கிறவர் உண்டா? அவளும் குடித்துவிட்டு எழுந்து நடப்பாள். விரதம் ஒரு நாள் முடியும், கூடவே ஊரும் இருக்கும். நீ இருக்கும் பட்டினிக்கு முடிவும் கிடையாது, துணையும் கிடையாது.

காலையில் இட்லியோ கம்மங்கூழோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போ. ராத்திரி மறுபடி பாக்கெட்டைப் பிரித்தால் தட்டில் கொட்டி உட்கார்ந்து தின்னு. அதற்காக மறுநாள் சாப்பாட்டை வெட்டாதே. தின்றதை வாந்தியெடுக்கத் தோன்றினாலோ மாதவிடாய் தள்ளிப்போனாலோ என் கடிதம் போதாது, மருத்துவரிடம் போக வேண்டும். நான் கூட வருகிறேன். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் அரசின் டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

உன் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எப்போது சொல்லத் தோன்றுகிறதோ, நீயே சொல்.

உன் அத்தை